துளையா, திறப்பா?

இரண்டு கால்களால் நடப்பதாகத்தான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நடையை நுணுக்கமாக அளந்தவர்கள் சொல்லும் கணக்கு வேறு. ஒரு குதிகால் தரையைத் தொட்டு, அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரையிலான நேரத்தில், இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற நேரமெல்லாம் முழு உடலையும் ஒற்றைக் கால் சுமக்கிறது. மறு கால் அந்தரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து இடுப்புக்கு அடியில் முட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனாலும் அது சரிவதில்லை.

சரியாமல் பிடித்துக்கொள்பவை, ஊன்றிய காலின் பக்கம் இருக்கும் இரண்டு தசைகள். ஒன்று குளூட்டியஸ் மீடியஸ். மற்றது, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் குளூட்டியஸ் மினிமஸ். இரண்டும் இடுப்பெலும்பின் வெளிப்பரப்பில் அகலமாகத் தொடங்கி, கீழே வரவரக் குறுகி, உறுதியான தசைநாண்களாகத் திரண்டு, தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்புறம் துருத்தி நிற்கும் புடைப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு படும் உயரத்தில் அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படும் எலும்புதான் அது. மருத்துவர்கள் அதை கிரேட்டர் ட்ரோகாண்டர் என்பார்கள்.

அந்த எலும்பைவிட்டு நாண் கிழிந்து விலகினால் என்ன ஆகும், அதை மறுபடி எப்படி ஒட்டவைக்கிறார்கள், ஒட்டவைக்கும் வழிகளில் எது மேலானது என்பவையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எடையின் கணக்கு

இடுப்பு மூட்டை, ஒரு கை நீண்டும் மறு கை குட்டையாகவும் அமைந்த தராசாகக் கொள்ளலாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலின் எடை மூட்டின் மையத்திலிருந்து தள்ளி, நீண்ட கையில் தொங்குகிறது. அதைச் சமன்செய்யும் தசையோ குட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறது. நீண்ட கை குட்டைக் கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே உடலின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விசையோடு தசை இழுத்தால்தான் இடுப்பு மட்டமாக நிற்கும். எடையும் இழுவிசையும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குகின்றன.

காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கை மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர்கள் பெர்லினைச் சேர்ந்த கியார்க் பெர்க்மனும் அவருடைய குழுவினரும். விசையை அளக்கும் கருவிகளைச் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே பொருத்தி, அந்த மூட்டோடு நடமாடியவர்களின் உடலிலிருந்து நேரடியாக அளவெடுத்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சாதாரண வேகத்தில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் உச்ச விசை, உடல் எடையில் சராசரியாக 238 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கடைக்கு நடந்து போய் வந்தால், ஒவ்வோர் அடியிலும் அவருடைய இடுப்பு மூட்டு 140 கிலோவுக்கும் மேல் தாங்குகிறது.

தசை பலவீனமானால் என்ன நடக்கும் என்பதை 1895இலேயே விளக்கியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க். பிறவியிலேயே இடுப்பு மூட்டு நழுவியவர்கள் ஏன் அசைந்து அசைந்து நடக்கிறார்கள் என்று ஆராய்ந்த அவர், பக்கவாட்டுத் தசைகளின் பலவீனமே காரணம் என்று காட்டினார். அந்தத் தசைகள் பலமிழந்தவர் ஒரு காலில் நிற்கும்போது, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கும். அந்தச் சரிவை ஈடுகட்ட, அவர் உடலை ஊன்றிய காலின் பக்கம் சாய்த்து நடப்பார். இன்றும் எலும்பு மருத்துவர்கள் நோயாளியை ஒரு காலில் நிற்கச் சொல்லி, பின்னால் நின்று பார்ப்பது இதைத்தான்.

திரவப்பையின் மீது விழுந்த பழி

இந்த நாண்கள் நலிந்து வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பதைத் தொட்ட அல்லது கடந்த பெண்கள். இடுப்பின் பக்கவாட்டில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடும். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பு வலி என்றும், மூட்டுத் தேய்மானம் என்றும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். இரண்டுக்குமான எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போனால், வயதானால் இப்படித்தான் என்ற ஆறுதலோடு அந்தப் பெண் வீடு திரும்புவார்.

பக்கவாட்டு வலி என்று சரியாக இடம் கண்டவர்கள்கூட, நீண்ட காலம் பழியை வேறொன்றின் மேல் போட்டார்கள். ட்ரோகாண்டர் எலும்புக்கும் அதன் மேல் ஓடும் பட்டைக்கும் இடையே உராய்வைக் குறைக்க மெல்லிய திரவப்பை ஒன்று உண்டு. பர்சா என்று பெயர். அதன் வீக்கம்தான் வலிக்குக் காரணம் என்று கருதி, அங்கே ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு படம் மாறியது. 2001இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பால் பேர்டும் அவருடைய குழுவினரும் இப்படி வலியோடு வந்த 24 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பர்சா வீங்கியிருந்தது இருவருக்கு மட்டுமே. குளூட்டியஸ் மீடியஸ் நாணில் கிழிசல் இருந்தது 11 பேருக்கு.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், இங்கிலாந்தின் பங்கரும் அவருடைய சக மருத்துவர்களும் ஒரு வியப்பான செய்தியைப் பதிவுசெய்திருந்தார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்து அறுவை சிகிச்சைக்கு வந்த 50 பேரில் 11 பேருக்கு இந்த நாண்கள் கிழிந்திருந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். தோள்பட்டையில் முதியவர்களுக்கு வழக்கமாக வரும் நாண் கிழிசலுக்கு இணையான ஒன்று இடுப்பிலும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

ஏன் கிழிகிறது? ஒரே நாளில் அறுந்து போவது அரிது. தொடையின் வெளிப்பக்கத்தில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஐ.டி. பேண்ட் என்னும் தடித்த பட்டை ஓடுகிறது. ஒரு காலில் எடையைப் போட்டு, இடுப்பை ஒருபுறம் தள்ளி நிற்கும்போது, இந்தப் பட்டை நாண்களை எலும்போடு அழுத்துகிறது. சோழர் காலத்துப் பார்வதியின் செப்புத் திருமேனிகளில் நாம் பார்த்து மகிழும் அதே நிலைதான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டும், பேருந்துக்குக் காத்துக்கொண்டும் பெண்கள் பல்லாண்டுகள் இப்படி நிற்கிறார்கள். மேலிருந்து இழுவிசை, பக்கவாட்டிலிருந்து அழுத்தம் என்று இரண்டும் சேர்ந்து நாணை நாளடைவில் நலிவிக்கின்றன. கிழிசல் பெரும்பாலும் நாணின் உட்புறத்தில், எலும்போடு ஒட்டும் முகத்தில் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நாண் முழுதாகத் தெரியும், அடியில் பிரிந்திருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. சுவரை விரலால் லேசாகத் தொட்டபடி, வலிக்கும் காலில் மட்டும் 30 நொடி நிற்க வேண்டும். அதற்குள் வழக்கமான அந்தப் பக்கவாட்டு வலி கிளம்பினால், நாண்களின் மேல் சந்தேகம் விழ வேண்டும். இந்தப் பரிசோதனைக்குச் செலவு ஏதுமில்லை. கிழிசலா, எவ்வளவு என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ.யோ தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்டோ தேவைப்படும்.

கத்திக்கு முன்

நலிந்த எல்லா நாண்களையும் தைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான லீப் என்னும் ஆய்வு இதில் முக்கியமானது. எம்.ஆர்.ஐ.யில் நாண் நலிவு உறுதியான 204 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், எப்படி நிற்பது, உட்காருவது, படுப்பது என்ற வழிகாட்டலும் தரப்பட்டன. இன்னொரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது குழு பொறுத்திருந்து பார்த்தது. எட்டு வாரம் கழித்து, நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் ஏறத்தாழ 77 விழுக்காடு, ஊசி போட்டவர்களில் 58, பொறுத்திருந்தவர்களில் 29.

ஆகவே முதல் மருந்து முறையான பயிற்சிதான். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல் பிடிப்பதும் பெரிய துணை. அந்தக் கை தரையை அழுத்தும் விசை தராசின் நீண்ட கையைத் தூக்கிப் பிடிப்பதால், தசையின் பளு வெகுவாகக் குறைகிறது. வலிக்கும் பக்கத்திலேயே கோலைப் பிடித்து நடப்பவர்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அவர்கள் இந்தப் பலனை இழக்கிறார்கள்.

மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் வலி தீராதபோது, நடை சாய்ந்து பலவீனம் வெளிப்படையாகத் தெரியும்போது, படத்தில் கிழிசல் உறுதியாகும்போது அறுவை சிகிச்சை பேச்சுக்கு வருகிறது. அங்கேதான் நோயாளி அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: துளை போட்டுச் செய்வீர்களா, திறந்து செய்வீர்களா?

திறந்து தைப்பது

திறந்த முறையில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ட்ரோகாண்டருக்கு மேலாகத் தோலை நீளவாக்கில் கீறுகிறார்கள். ஐ.டி. பேண்டைப் பிளந்து விலக்கினால் பர்சா தெரியும். நலிந்த பர்சாவை அகற்றிய பிறகு நாண்கள் கண்ணுக்கும் விரலுக்கும் வெளிப்படும். விரலுக்கு என்பது இங்கே முக்கியம். அடியில் மறைந்திருக்கும் கிழிசலை, தொட்டுப் பார்த்து உணரும் மெத்தென்ற பள்ளம் காட்டிக்கொடுக்கும்.

ட்ரோகாண்டருக்கு நான்கு முகங்கள். முன்முகத்தில் மினிமஸ், பக்கவாட்டு முகத்திலும் மேல்பின் முகத்திலும் மீடியஸ் என்று ஒவ்வொரு நாணுக்கும் உரிய இடம் உண்டு. பின்முகத்தில் நாண் எதுவும் ஒட்டுவதில்லை. அங்கே பர்சாதான் படர்ந்திருக்கிறது. மருத்துவர் நாணின் செத்துப்போன நுனியை வெட்டி, எலும்பின் மேற்பரப்பை இரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டி, நாணை அதன் சொந்த முகத்துக்கு இழுத்து வந்து தைக்கிறார். இரத்தம் கசியாத எலும்பில் நாண் பிடிக்காது. முன்பு எலும்பில் குடைந்த சிறு சுரங்கங்கள் வழியே நூலைக் கோர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் தையல் ஆங்கர் என்னும் சிறு நங்கூரங்களை எலும்பில் இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூல்களால் நாணை இறுக்குகிறார்கள். பெரிய கிழிசலுக்கு நங்கூரங்களை இரண்டு வரிசையாக இறக்குவதுண்டு. நாண் பரவலாக எலும்பில் படிய அது உதவும்.

1999இல் அமெரிக்க மருத்துவர் ககன், இப்படித் திறந்து தைத்த ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார். நெடுங்காலம் பர்சா வீக்கம் என்றே வைத்தியம் பார்க்கப்பட்ட வலிக்கு அறுவை சிகிச்சையில் தீர்வு உண்டு என்று காட்டிய தொடக்ககாலப் பதிவுகளில் அது ஒன்று.

திறந்த முறையின் பலம் இடவசதி. சுருங்கி மேலே போய்விட்ட நாணை விடுவித்து இறக்கவும், ஒட்டுத்திசுவோ செயற்கைப் பட்டையோ வைத்து வலுவூட்டவும் கைக்கு இடம் வேண்டும். விலையும் உண்டு. காயம் பெரியது, இரத்தக் கட்டு, தொற்று, தழும்பு வலி ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல். தசையைப் பிளந்து மேலே போகும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. இந்தத் தசைகளை இயக்கும் நரம்பு, ட்ரோகாண்டரின் உச்சிக்குச் சில சென்டிமீட்டர் மேலேதான் ஓடுகிறது. அதை வெட்டிவிட்டால், தைத்த நாணை இழுக்கத் தசைக்கு ஆணை வராது.

துளை வழியே தைப்பது

எண்டோஸ்கோபி முறையில் மூன்று நான்கு சிறு துளைகள். ஒன்றின் வழியே கேமரா, மற்றவற்றின் வழியே கருவிகள். ஐ.டி. பேண்டுக்கும் ட்ரோகாண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை உப்புநீர் பாய்ச்சி விரிவாக்குகிறார்கள். பர்சாவைச் சுரண்டி எடுத்ததும், நாண்கள் பல மடங்கு பெரிதாகத் திரையில் தெரியும். பிறகு செய்வதெல்லாம் திறந்த முறையில் செய்வதேதான்: நாணைச் சீராக்குவது, எலும்பைச் சுரண்டுவது, நங்கூரம் இறக்குவது, முடிச்சுப் போடுவது. நங்கூரம் சரியான கோணத்தில் இறங்குகிறதா என்று எக்ஸ்ரே திரையில் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

2009இல் வூஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் இந்த முறையில் தைத்த பத்து நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கும் வலி நீங்கியிருந்தது. தசையின் வலுவும் திரும்பியிருந்தது. உட்புறம் மட்டும் கிழிந்த நாணை எப்படி எட்டுவது என்ற சிக்கலுக்கும் அடுத்த ஆண்டே வழி பிறந்தது. முழுதாகத் தெரியும் மேற்புறத்தை நார்களின் போக்கிலேயே பிளந்து உள்ளே போய், அடியில் உள்ள கிழிசலைச் சரிசெய்து, பிளவை மூடிவிடும் உத்தி அது.

சிறிய காயம், குறைந்த இரத்த இழப்பு, அதே அமர்வில் மூட்டின் உள்ளேயும் கேமராவை விட்டுப் பார்க்கும் வசதி ஆகியவை இதன் நன்மைகள். ஆனால் கை பழக நாளாகும். மிகப் பெரிய, சுருங்கிய கிழிசலைத் துளை வழியே இழுத்து வந்து இறுக்குவது, நிறையச் செய்து தேர்ந்தவர்களுக்கும் கடினம். பாய்ச்சும் நீர் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து வீக்கம் தருவதும் உண்டு.

எது மேல்?

இரண்டு முறைகளைப் பற்றியும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். வலி குறைவதிலும் நடமாட்டம் மேம்படுவதிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. சிக்கல்கள் துளை முறையில் குறைவாகப் பதிவாகியுள்ளன. இதைப் படித்ததும், அப்படியானால் துளையே மேல் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது.

எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. மருத்துவர் படத்தைப் பார்த்துத் தீர்மானித்தார். சிறு கிழிசல், நல்ல தசை என்றால் துளை வழி. நாண் முழுக்க அறுந்து சுருங்கியிருந்தால், முன்பே ஒரு முறை தைத்துப் பிரிந்திருந்தால், இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு நாண் விலகியிருந்தால் திறந்த வழி. எளிய நோயாளிகள் ஒரு பக்கமும் கடினமானவர்கள் மறு பக்கமும் குவிந்த பிறகு, இரு பக்கத்து முடிவுகளையும் ஒப்பிட்டால் நாம் அளப்பது முறைகளின் திறமையையா, நோயாளிகளின் நிலையையா? கடினமானவர்களையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட திறந்த முறை, வலியில் சமமான பலனைக் காட்டியிருப்பதே அதன் பெருமை என்றும் வாதிடலாம்.

எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. வலி போனால் நாண் பிடித்துவிட்டது என்று பொருளல்ல. பர்சாவை எடுத்தது, நலிந்த திசுவை அகற்றியது, ஆறு வாரம் ஓய்வு கொடுத்தது எல்லாமே வலியைத் தணிக்கக்கூடியவை. தைத்த நாண் மறுபடி விலகியும் முன்பைவிட நலமாக உணர்பவர்கள் இருக்கிறார்கள். எனவே நேர்மையான ஒப்பீடு மூன்றையும் அளக்க வேண்டும்: வலி, தசையின் வலு, படத்தில் தெரியும் நாணின் ஒட்டுதல்.

முடிவை உண்மையில் நிர்ணயிப்பது தசையின் நிலை. நாண் அறுந்து நெடுநாள் வேலையில்லாமல் கிடக்கும் தசைக்குள் கொழுப்பு புகுந்துவிடும். தோள்பட்டைத் தசைகளில் இதை அளக்க, பிரெஞ்சு மருத்துவர் குத்தாலியே 1994இல் 0 முதல் 4 வரையிலான தரவரிசை ஒன்றை வகுத்தார். மூன்றாம் தரத்தில் தசையும் கொழுப்பும் சரிபாதி. நான்காம் தரத்தில் கொழுப்பே மிகுதி. அதே அளவுகோலை இடுப்புக்கும் பயன்படுத்தியபோது, கொழுப்பு ஏற ஏறத் தையலின் பலன் குறைவது தெரிந்தது. நாணை எவ்வளவு அழகாகத் தைத்தாலும், அதை இழுக்கத் தசை இல்லையென்றால் நடை திரும்பாது. துளையா திறப்பா என்ற தேர்வு, புகுந்த கொழுப்பை வெளியேற்றுவதில்லை.

தசை முற்றிலும் பயனற்றுப் போனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 2012இல் அமெரிக்க மருத்துவர் லியோ வைட்சைடு, பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்சிமஸின் முன்பகுதியைத் திருப்பி ட்ரோகாண்டரில் பொருத்தும் முறையை விவரித்தார். அந்தத் தசைக்கு வேறு நரம்பு என்பதால், மீடியஸின் நரம்பு செத்திருந்தாலும் அது இயங்கும். இழந்த வலு முழுதாகத் திரும்பாவிட்டாலும், பலருக்கு வலி குறைந்து நடை மேம்படும். இது திறந்துதான் செய்யப்படுகிறது.

தைத்த பிறகு

துளையோ திறப்போ, உயிரியலின் கடிகாரம் இரண்டுக்கும் ஒன்றே. இயற்கையில் நாண் எலும்பைத் தொடும் இடம் நான்கு அடுக்குகளால் ஆனது: நாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணம் ஏறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு. மென்மையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக இறங்குவதால்தான் அந்த இடம் இவ்வளவு விசையைத் தாங்குகிறது. அறுவைக்குப் பிறகு உடல் இந்த அடுக்குகளை அப்படியே மறுபடி கட்டுவதில்லை, வடுத்திசுவால் இணைக்கிறது. அந்த வடு உறுதிப்படும் வரை முழுப் பளுவும் நூலின் மேலும் நங்கூரத்தின் மேலும்தான்.

அதனால் ஏறத்தாழ ஆறு வாரம் வாக்கரோ அக்குள் கட்டையோ வைத்து, காலில் சிறிதளவு எடை மட்டும் ஊன்ற வேண்டும். காலைப் பக்கவாட்டில் தானாகத் தூக்கக் கூடாது. உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கமாகக் கொண்டுபோகவும் கூடாது. படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தரையில் உட்கார்வதும், இந்தியக் கழிப்பறையில் குந்துவதும் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில்தான் சூடுபிடிக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம். துளை போட்டவருக்கு வெளிக்காயம் சீக்கிரம் ஆறிவிடும். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அவர் வாக்கரை ஒதுக்கிவிடுவதுதான் ஆபத்து. உள்ளே நாண் இன்னும் நூலை நம்பியே இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவரின் முன் உட்காரும் நோயாளி, தழும்பின் நீளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழிசல் முழுமையானதா, பாதியா? எந்த நாண், எந்த முகம்? நாண் எவ்வளவு தூரம் சுருங்கியிருக்கிறது? தசையில் கொழுப்பு எந்தத் தரம்? இந்த அறுவையை எந்த முறையில் அதிகம் செய்து பழகியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரே மாதிரியான கிழிசலில், மருத்துவருக்குக் கைவந்த முறையே நோயாளிக்குப் பாதுகாப்பான முறை.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் கிடைப்பது, நோயாளி எவ்வளவு சீக்கிரம் அந்த நாற்காலிக்கு வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தது. கிழிசல் சிறிதாக, தசை உயிரோட்டத்தோடு இருக்கும்போது வந்தவருக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கும். பயிற்சியிலேயே தீர்ந்துவிடவும் வாய்ப்பிருக்கும். ஆண்டுகள் கடந்து வருபவருக்கு வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கும். பக்கவாட்டு வலியோடு வரும் ஒரு பெண்ணை வயதின் பெயரால் திருப்பி அனுப்பாமல், முதல் சந்திப்பிலேயே ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் எல்லாப் புறநோயாளிப் பிரிவுகளிலும் வர வேண்டும். நங்கூரங்களும் கேமராக்களும் இன்னும் எவ்வளவு மேம்பட்டாலும், அந்த ஒரு வழக்கம் காப்பாற்றும் அளவுக்கு அவை தசைகளைக் காப்பாற்றா.